தேமாங்கனியில் அரபு இலக்கணம்

அரபு கற்க வந்தவர் கையில் முதல் நாளே அல்ஃபிய்யா என்ற இலக்கணச் செய்யுளைக் கொடுப்பது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் நன்னூலை நீட்டுவதற்குச் சமம். பயந்து ஓடிவிடுவார். ஆனால் அந்தப் பயத்தைக் காரணம் காட்டிச் செய்யுள் இலக்கணத்தையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டவர்களும் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இரண்டு வருடம் படித்து, மூன்றாவது வருடம் மறந்து, மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறவர்கள் ஏராளம். செய்யுள் பாடம் நடத்தாது. நடத்தி முடித்த பாடம் கைவிட்டுப் போகாமல் காவல் இருக்கும். வாத்தியார் வேலையை அதனிடம் கொடுத்தவர்களும், காவல் வேலைகூட அதற்கு வேண்டாம் என்றவர்களும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு, தமிழை வீட்டு மொழியாக வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் அரபுச் செய்யுள் இலக்கணத்தை எந்தக் கட்டத்தில், எவ்வளவு, எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்த இயலின் விஷயம்.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். அரபு இலக்கணத்தில் சொற்களின் ஈற்று மாற்றத்தையும் வாக்கிய அமைப்பையும் பேசுவது நஹ்வு. சொல் எப்படி வடிவெடுக்கிறது என்பதைப் பேசுவது ஸர்ஃபு. நஹ்வுக்கு நுழைவாயில் ஆஜுர்ரூமிய்யா. 1323இல் மறைந்த, மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் எழுதிய சிறிய உரைநடை நூல். சில பக்கங்களில் முடிந்துவிடும். இதைப் பதினாறாம் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த இம்ரீதீ ஏறக்குறைய 250 பைத்துகளாக, அதாவது செய்யுள் வரிகளாக, ஆக்கினார். அதற்கு மேல்படி அல்ஃபிய்யா: ஸ்பெயினின் ஹயேன் நகரில் பிறந்து, டமாஸ்கஸில் 1274இல் மறைந்த இப்னு மாலிக்கின் 1002 பைத்துகள். அவரே முதலில் கிட்டத்தட்ட மூவாயிரம் பைத்துகளில் ஒரு பெரிய செய்யுள் எழுதி, அது மாணவர் தலையில் ஏறாது என்று கண்டு மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியதுதான் அல்ஃபிய்யா. ஸர்ஃபுக்கும் அவருடைய லாமிய்யதுல் அஃப்ஆல் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பைத்துதான். இவற்றை மத்னு, அதாவது மூலம் என்பார்கள். மத்னுக்கு ஷரஹு உண்டு, அதுதான் உரை. 1367இல் மறைந்த இப்னு அகீலின் உரை இல்லாமல் அல்ஃபிய்யாவைத் திறப்பவர் இன்று அநேகமாக இல்லை.

இந்த அமைப்பைத் தமிழ் படித்தவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. மூலம், உரை, உதாரணம் என்ற மூன்றடுக்கு நமக்குப் பழக்கமானது. பவணந்தியின் நன்னூல் 462 நூற்பாக்களில் எழுத்தையும் சொல்லையும் முடிக்கிறது. குணவீர பண்டிதர் நேமிநாதத்தை வெண்பாவில் செய்தார். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையில் இன்னும் ஒருபடி மேலே போய் முதல்நினைப்பு என்று ஒரு ஏற்பாடே உண்டு: உதாரணப் பாடல்களின் முதற்சொற்களை மட்டும் கோத்து ஒரு செய்யுள், அதை மனப்பாடம் செய்தால் உதாரணங்கள் வரிசையாக நினைவுக்கு வரும். மனப்பாடத்துக்கே ஒரு மனப்பாடம். திருவண்ணாமலைக்காரருக்கு இதைவிடப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. ரமணர் 1927இல் உபதேச உந்தியாரை முப்பது பாடல்களாகவும், அடுத்த ஆண்டு உள்ளது நாற்பதையும் செய்தார். வெண்பாக்களாக இருந்த உள்ளது நாற்பதில், ஒரு வெண்பாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில சீர்களைச் சேர்த்து, பாராயணத்துக்கு அறாமல் ஓடும்படி ஒரே கலிவெண்பாவாகவும் ஆக்கிக் கொடுத்தார். அந்தச் சீர்கள் பாராயணம் செய்கிறவர் அடுத்த பாட்டுக்குத் தடுக்காமல் போக வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவை. இப்னு மாலிக் மூவாயிரத்தை ஆயிரமாக்கியதும் இதே கவலையில்தான். ஒருவர் குறைத்தார், ஒருவர் கூட்டினார்; இருவர் கண்ணும் ஓதுகிறவர் நாக்கின் மேல்தான் இருந்தது. (கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார், மதரஸாவில் பிள்ளை செய்வதும் ‘கிதாபு ஓதுவது’. இரண்டு பக்கத்துக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத்தான் கொடுத்திருக்கிறது.)

அரபுக் கல்வியும் இந்த ஊருக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 1989 வரை திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதி. அதே மாவட்டத்தில்தான் வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியும், 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமும் இருந்தன. அதே மாவட்டத்து வாணியம்பாடியில் 1933இல் பிறந்த வி. அப்துர் ரஹீம் பிற்பாடு மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அரபு தாய்மொழியல்லாதவர்களுக்காக அவர் எழுதிய மூன்று பாக ‘துரூசுல் லுகா’ இன்று உலகம் முழுக்க மதீனாப் புத்தகம் என்ற பெயரில் ஓடுகிறது. 2023இல் அவர் மறையும்போது, அரபு கற்க விரும்பும் ஒரு இந்தோனேசியரும் ஒரு இங்கிலாந்துக்காரரும் முதலில் திறக்கும் புத்தகம் ஒரு வட ஆற்காட்டுத் தமிழ்நாட்டுக்காரர் எழுதியதாக இருந்தது. அந்தப் புத்தகத்தில் மனப்பாடச் செய்யுள் கிடையாது. இது, அது என்று சுட்டிக்காட்டிச் சின்ன வாக்கியங்களில் தொடங்கி, இலக்கணத்தைச் சொல்லாமலே பழக்கி, பிறகு பெயர் சொல்லும் முறை. இங்கே நமது வரிசை தெளிவாகிவிடுகிறது: முதலில் அப்துர் ரஹீமின் முதல் பாகம், பிறகு ஆஜுர்ரூமிய்யா உரைநடையில், அதற்கும் பிறகுதான் செய்யுள். ஆறு மாதம் வாக்கியங்களோடு புழங்காதவர் பைத்தைத் தொடக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு செய்யுளுக்கு வரும் தமிழருக்கு எதிர்பாராத ஒரு வசதி காத்திருக்கிறது. அரபு இலக்கணச் செய்யுள்களில் பெரும்பான்மை ரஜஸ் என்ற யாப்பில் அமைந்தவை. அதன் அடிப்படைச் சீர் வாய்பாடு முஸ்தஃப்இலுன். இதை அலகிட்டுப் பாருங்கள். முஸ், குறில் ஒற்றடுத்தது, நேர். தஃப், அதுவும் நேர். இலுன், குறிலிணை ஒற்றடுத்தது, நிரை. நேர் நேர் நிரை: தேமாங்கனி. இடையில் மாறி வரும் மஃபாஇலுன் கருவிளம், முஃப்தஇலுன் கூவிளங்காய். ஒரு பைத்துக்கு ஆறு சீர், பாதிக்கு மூன்று. பைத்து என்றால் வீடு. அதன் பாதியான மிஸ்ராஃ என்பது கதவின் ஒரு பலகை. இரட்டைக் கதவு போட்ட வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: தமிழில் நிரை என்று நாம் ஒன்றாக எண்ணுவதை அரபு இரண்டாகப் பிரிக்கும். ‘கனி’ என்று குறிலில் முடிந்தால் போதாது, ஒற்றோ நெடிலோ வேண்டும். ‘தேமாங்கனின்’ என்று சொல்லிப் பார்த்தால் சரியான ஓசை கிடைக்கும். அரபு யாப்பியலைத் தனியாகப் படிக்காமலே, பள்ளியில் படித்த அசை பிரிப்பை வைத்து ஒரு பைத்தை நீங்கள் அலகிட முடியும். இந்த வசதி பாதி உலகத்துக்கு இல்லை.

அலகிடுவது பொழுதுபோக்கு இல்லை, அதுவே உச்சரிப்புக்குச் சோதனை. நெடிலைக் குறிலாக்கினால் சீர் குறையும். இரட்டிப்பைக் காட்டும் ஷத்தைத் தவறவிட்டால் ஓசை நொண்டும். புத்தகத்தில் கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் யாப்பு எல்லாப் பிழையையும் பிடிக்காது. ஐனுக்குப் பதில் வெறும் அகரத்தைச் சொன்னாலும், பெரிய ஹாவைச் சின்ன ஹாவாக்கினாலும் சீர் அப்படியே இருக்கும். தமிழ் நாக்கு அதிகம் தடுமாறுவது அங்கேதான். அதற்கு ஓர் உஸ்தாதின் காது வேண்டும், வேறு வழி கிடையாது. இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தமிழ்ச் செய்யுளில் நினைவைப் பிடித்து இழுப்பது அடியின் தொடக்கத்தில் வரும் எதுகை. ரஜஸில் பைத்தின் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று ஈற்றில் ஒத்துவரும். அடுத்த பைத்துக்கு ஓசை மாறிவிடும். ஆகவே பழக்கதோஷத்தில் முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். இரண்டு பாதிகளின் கடைசிச் சொல்லை முதலில் மனத்தில் நிறுத்துங்கள், நடுப்பகுதி தானாக வந்து உட்காரும்.

செய்யுள் எதற்கு மிகவும் உதவும்? பட்டியலுக்கு. பெயரின் ஈற்றை இகரமாக்கும் ஜர்ருடைய இடைச்சொற்கள் இருபதையும் இப்னு மாலிக் இரண்டே பைத்தில் அடக்கிவிடுகிறார். மின், இலா, ஹத்தா என்று தொடங்கி, அபூர்வமாக வரும் லஅல்ல, மதா வரைக்கும். வினை வாய்பாடுகளாக இருபத்து மூன்று சொற்களை நன்னூல் ஒரே நூற்பாவில் கோத்துவைத்திருக்கும் அதே உத்தி. உரைநடையில் இருபதைப் படித்தவருக்குப் பரீட்சை அன்று பதினேழு ஞாபகம் வரும், மூன்று எவை என்பது தெரியாது. செய்யுளில் ஒன்று விடுபட்டால் ஓசை தட்டி, விட்ட இடம் எது என்றே காட்டிக்கொடுக்கும். கான என்ற வினையும் அதன் உடன்பிறப்புகளுமாகப் பதின்மூன்று, இன்னவின் கூட்டத்தில் வருபவை, அபூ, அகூ போல ஈற்றில் நெடிலே வேற்றுமை காட்டும் பெயர்கள், இவையெல்லாம் செய்யுளின் சொந்த நிலம். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் செய்யுள் திக்குகிறது. பெயர்ச்சொல்லை அடையாளம் காண ஐந்து குறிகளை அல்ஃபிய்யா ஒரே பைத்தில் சொல்கிறது: ஜர், தன்வீன் என்னும் ஈற்று னகர ஒலி, விளி, அல் என்னும் முன்னொட்டு, எழுவாயாக நிற்கும் தகுதி. எண்ணிக்கை மனத்தில் நிற்கும். ஆனால் எழுவாயாக நிற்பது என்றால் என்ன, அது ஏன் பெயரின் குறி என்பதை அந்தப் பைத்து ஆயிரம் முறை ஓதினாலும் சொல்லாது.

அதைச் சொல்ல உரை வேண்டும். தமிழருக்குத் தமிழ் இலக்கணமே பாதி உரை. அரபு இலக்கணிகள் உதாரணத்துக்கு எப்போதும் ஸைதையும் அம்ரையும் அழைப்பார்கள். நம் உரையாசிரியர்கள் சாத்தனையும் கொற்றனையும் அழைத்ததுபோல. ளரப ஸைதுன் அம்ரன்: அம்ரை ஸைத் அடித்தான். ளரப அம்ரன் ஸைதுன் என்று மாற்றிப் போட்டாலும் அடித்தவன் ஸைத்தான், ஏனெனில் ‘உன்’ எழுவாயின் ஈறு, ‘அன்’ செயப்படுபொருளின் ஈறு. ‘கொற்றனைச் சாத்தன் அடித்தான்’, ‘சாத்தன் கொற்றனை அடித்தான்’ இரண்டும் ஒன்றுதான் என்பது யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். ஐ உருபு காப்பாற்றுகிறது. ஆங்கிலம் வழியே அரபு படிக்கிறவர் இஃராப் என்ற இந்த ஈற்று மாற்றத்தைக் கண்டு மிரள்வது, அந்த மொழியில் பெயரின் ஈறு இப்படி வேலை செய்யாததால்தான். எட்டு வேற்றுமையில் வளர்ந்தவருக்கு மூன்று நிலை ஒரு பொருட்டே இல்லை. பாவம், ஸைத் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அம்ரை அடித்துக்கொண்டிருக்கிறான். அம்ரும் ஒருநாள்கூடத் திருப்பி அடித்ததாகத் தெரியவில்லை.

கிளிப்பிள்ளைப் படிப்பு என்பதுதான் செய்யுள் முறை மீது வழக்கமாக வரும் குற்றச்சாட்டு. நியாயமானது. பொருள் தெரியாமல் ஐந்நூறு பைத்துகளை மடமடவென்று ஒப்பித்துவிட்டு, ஒரு செய்தித்தாளின் தலைப்பைப் படிக்கத் தெரியாமல் நிற்பவர்கள் உண்டு. ஆனால் அது செய்யுளின் குற்றம் இல்லை, வரிசையின் குற்றம். மனனம் முன்னே வந்து பொருள் எப்போதாவது வரும் என்று காத்திருந்தால் அப்படித்தான் ஆகும். இதற்கு மருந்து, ஒவ்வொரு பைத்துக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்காமல் அடுத்த பைத்துக்குப் போகக்கூடாது என்ற விதி. ஜர்ருடைய சொற்களைப் படித்த அன்று, ‘வேலூரிலிருந்து ரயில் ஏறினேன்’ என்று எழுதப் பாருங்கள். ரகிப்துல் கிதார மின் வேலூர். இங்கே ஈறு என்ன? மின் வந்ததால் இகரம் வர வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் வேலூர் அரபல்லாத இடப்பெயர். அது தன்வீனையும் இகரத்தையும் ஏற்காத பெயர்களின் வகுப்பில் சேரும், இப்ராஹீம் என்ற பெயரைப் போல. ஆகவே மின் வேலூர என்று அகரத்தில்தான் முடியும். இந்த ஒரு ரயில் பயணத்தில் இரண்டு பாடங்கள் மாட்டிக்கொண்டுவிட்டன. ஒப்பிக்கிற கிளி இந்தக் கேள்வியில் நின்றிருக்காது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் நுட்பமானது. செய்யுளுக்காகச் சொற்கள் இடம் மாறுகின்றன, அசை நிரப்பத் தேவையில்லாத சொற்கள் வருகின்றன. இலக்கணம் கற்பிக்கும் நூலே இலக்கணத்தை முறுக்கினால் மாணவன் கதி என்ன? உண்மைதான், அல்ஃபிய்யாவின் வாக்கியங்கள் பேச்சு நடைக்கு முன்மாதிரி ஆகாது. அதைப் பார்த்து யாரும் கடிதம் எழுதக் கற்க வேண்டாம். ஆனால் பழைய ஆசிரியர்கள் இந்தக் குறையையே பயிற்சியாக்கிவிட்டார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் எகிப்திய அறிஞர் காலித் அல்அஸ்ஹரீ, அல்ஃபிய்யாவின் பைத்துகளையே சொல் சொல்லாக இஃராப் செய்து காட்டும் ‘தம்ரீனுத் துல்லாப்’ என்ற நூலை எழுதினார். முன்பின் மாறிய பைத்தை எடுத்து, எழுவாயை இப்னு மாலிக் எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவதே பாடம். நாம் செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளப் பழகியதும் இப்படித்தானே.

மூன்றாவதாக, பல மதரஸாக்களில் அல்ஃபிய்யா இல்லாமலே ஆலிம்கள் உருவாகிறார்களே என்று கேட்கலாம். வடஇந்திய நிஜாமிப் பாடத்திட்டத்தில் நஹ்வு பெரும்பாலும் உரைநடை வழியேதான்; ஹிதாயதுன் நஹ்வு, பிறகு இப்னுல் ஹாஜிபின் காஃபியா. கேரளத்தின் பொன்னானி மரபு அல்ஃபிய்யாவைப் பிடித்துக்கொண்டது. அங்கத்திய மக்தூம் குடும்பத்து அறிஞர்கள் அதற்கு உரையும் எழுதினார்கள். இரண்டு பக்கமும் பேரறிஞர்கள் உண்டு என்பதால் செய்யுள் இன்றியமையாதது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் நிஜாமி மாணவன் உஸ்தாதின் முன்னால் வருடக்கணக்கில் முழுநாளும் உட்காருகிறவன். காஃபியாவின் உரைநடையையும் அவன் கிட்டத்தட்ட வரிக்கு வரி மனப்பாடம்தான் செய்கிறான். அந்த இப்னுல் ஹாஜிபே தம் காஃபியாவைப் பிறகு செய்யுளாகவும் ஆக்கினார். அவருக்கே தேவைப்பட்டது, கடையை மூடிவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் புத்தகம் திறக்கிறவருக்கு எவ்வளவு தேவைப்படும். இது யாருக்குத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் துபாய்க்கோ ரியாத்துக்கோ வேலைக்குப் போகிறவர் இந்த இயலை மூடிவிடலாம். அங்கே கடையிலும் சைட்டிலும் பேசும் அரபில் இந்த ஈற்று மாற்றங்கள் ஒலிப்பதே இல்லை. அவருக்குப் பேச்சு அரபுதான் வேண்டும். குர்ஆனையோ பழைய நூல்களையோ தானே வாசிக்க விரும்புகிறவருக்கே இவ்வளவும்.

அளவு பற்றி. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு பைத்து, ஏழாம் நாள் பழையதை மட்டும் ஓதுவது. இந்தக் கணக்கில் இம்ரீதீ ஐந்து மாதத்தில் முடியும். அங்கேயே நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. அன்றாட வாசிப்புக்குத் தேவையான நஹ்வில் பெரும்பகுதி கையில் இருக்கும். அல்ஃபிய்யா என்றால் ஒரு வருடம் ஏழு மாதம் ஆகும். இடையில் பத்து நாள் தவறினால் புதிய பைத்தைத் தொடாமல், விட்ட இடத்துக்கு முந்தைய ஐம்பதை மட்டும் இரண்டு வாரம் ஓதுங்கள். எங்கே ஓதுவது என்பதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஒரு பைத்துக்கு ஆறு நொடி என்று வைத்தால் ஆயிரம் பைத்துக்கு நூறு நிமிடம். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையில் பாதிக்குச் சற்று மேல் கடப்பதற்குள் அல்ஃபிய்யா முழுவதும் ஒருமுறை வாயில் சுற்றி வந்துவிடும். பௌர்ணமி இரவில் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் சீர் எண்ண முடியாது.

அல்ஃபிய்யாவைத் தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே ஓர் இடத்தில் நிற்பார்; நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். வாக்கியம் என்றால் என்ன என்று வரையறுக்கும் இப்னு மாலிக், உதாரணமாக ஒரே ஒரு சொல்லைத் தருகிறார்: இஸ்தகிம். நேராக நில் என்று பொருள். ஒரு சொல் எப்படி வாக்கியமாகும்? ஏவல் வினைக்குள் ‘நீ’ மறைந்திருக்கிறது. நம் தோன்றா எழுவாய். அப்படியானால் அந்தச் சொல் வெறும் உதாரணமா, இல்லை வரையறையின் மிச்சத்தையும் அதுவே சொல்லி முடிக்கிறதா? உரையாசிரியர்கள் இதில் இரண்டு கட்சி. இரண்டு பக்க வாதத்தையும் தமிழில் நாலைந்து வரியாக எழுதிவைத்துவிட்டு அடுத்த பைத்துக்குப் போங்கள்.